மீன்வளர்ப்பு படிக்கிறீர்களா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் போகும் வழி

துணைவேந்தர் ஒருவரும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரும் ஆளுக்கொரு கோப்பைப் பிடித்துக்கொண்டு கைகுலுக்கும் படம் அடிக்கடி பேப்பரில் வருகிறது. கீழே 'புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது, மாணவர் பரிமாற்றம் நடைபெறும்' என்று இரண்டு வரி. அந்தப் படத்துக்கும் முனைக்காட்டிலோ தொண்டியிலோ இருந்து மீன்வளம் படிக்கப் போன ஒரு பிள்ளைக்கும் நடுவில் நிறைய வேலை கிடக்கிறது. அந்த வேலைகளை எந்த வரிசையில் செய்தால் ஆகும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் இருக்கிற கல்லூரியில் படிக்கிறோம் என்பதற்காக யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பக்கம் உள்ள ஒரு பேராசிரியருக்கோ குஞ்சுப் பொரிப்பகப் பொறுப்பாளருக்கோ 'இந்தப் பிள்ளை வந்தால் முதல் வாரத்திலேயே வேலைக்கு உதவும்' என்று தோன்ற வேண்டும். அதைத் தோன்றவைக்கிற அனுபவம் ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊரைச் சுற்றியே கிடைக்கும்.

எங்கே சேர்வது

பிளஸ் டூவில் உயிரியல் குரூப் எடுத்தவர்களுக்கு நேர்வழி பி.எஃப்.எஸ்சி. என்கிற மீன்வள அறிவியல் பட்டம். நான்கு வருஷப் படிப்பு, நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கியது. தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு ஊர்களில் அதன் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. 1977 முதல் நடக்கிற தூத்துக்குடிக் கல்லூரிதான் நமக்குக் கிட்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இந்தப் படிப்புக்கும் உண்டு. மீனவர் பிள்ளைகளுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு என்ன சான்று வேண்டும் என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் ரிசல்ட் வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் தேதி போய்விடும்.

அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் முடிந்துபோகவில்லை. விலங்கியலோ தாவரவியலோ பி.எஸ்சி. முடித்துவிட்டு அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல், கடலோரவியல் துறையில் சேரலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகத்தில் பட்டத்தின் பெயரை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. மீன்குஞ்சுக்கு இரையாகும் நுண்ணுயிரான ரோட்டிஃபரை வளர்க்கத் தெரியுமா, எண்ணத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

பி.எஃப்.எஸ்சி. நான்காம் வருஷத்தில் 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற பெயரில் களப்பயிற்சி வருகிறது. பண்ணையிலும் மீனவ கிராமத்திலும் தொழிற்கூடத்திலும் தங்கி வேலை பார்க்கும் பருவம் அது. மாதம் 3,000 ரூபாய் வரை ஆறு மாதத்துக்கு உதவித்தொகை உண்டு. வெளிநாட்டுப் பயிற்சியை இந்தப் பருவத்தோடு பொருத்தினால் படிப்பு ஒரு நாள்கூடத் தடைபடாது. பொருத்தாமல் போனால் திரும்பி வந்து வருகைப் பதிவுக்காக மன்றாட வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டுத் தொடர்புகளைக் கவனிக்க ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார். அவரிடம் போய், நடப்பில் உள்ள ஒப்பந்தங்களின் பட்டியலைக் கேளுங்கள். 'நடப்பில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சில வருஷக் கெடுவோடு போடப்படுகிறவை. கெடு முடிந்தும் வரவேற்பறையில் படம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

படிக்கும்போது நான்கு இடங்களில் விரல் வையுங்கள். மாணவர் போய்வருவதைப் பற்றித் தனிப் பத்தி இருக்கிறதா, அல்லது 'கல்வி ஒத்துழைப்பு' என்று பொதுவாக முடித்துவிட்டார்களா? எந்தத் துறை? கட்டணம் தள்ளுபடியா? போக்குவரத்தும் தங்குமிடமும் யார் தலையில்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'அவரவர் நிதிக்கு உட்பட்டு' என்றுதான் பதில் இருக்கும். அதாவது உங்கள் தலையில். இது ஏமாற்று இல்லை. ஒப்பந்தம் என்பது இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து நிதி கேட்டு விண்ணப்பிக்க ஒரு அடிப்படை. அந்த நிதி வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

ட்வின்னிங் (இங்கே சேர்ந்து ஒரு பகுதியை மட்டும் வெளிநாட்டில் படிப்பது), கூட்டுப் பட்டம் (இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தருவது) என்பவை வேறு சங்கதி. யு.ஜி.சி. 2022இல் போட்ட விதிப்படி ட்வின்னிங்கில் வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீதம் படிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

முதலில் மண்டபம்

மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று நம்மூர்க்காரர்களுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. இப்போது இங்கே இருப்பது அதன் மண்டல நிலையம். கடல்விரால் எனப்படும் கோபியா மீனை அடைப்பில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு எடுத்தது 2010இல் இங்கேதான். அடுத்த வருஷம் சில்வர் பாம்பனோ. அலங்கார மீன் குஞ்சுப் பொரிப்பும் உண்டு. கடல்பாசிக்கு மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் மண்டபத்திலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு மாணவன் படத்தில் பார்த்துப் படிக்கிற, கடலில் மீன் வளர்க்கும் கூண்டும் பாசி வளர்க்கும் தெப்பமும் உங்களுக்குப் பஸ் போகிற தூரத்தில்.

நேரே போய் கேட்டில் நிற்காதீர்கள். துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவு, என்ன கற்க விருப்பம் என்று தெளிவாக எழுதி நிலையத் தலைவருக்கு அனுப்புங்கள். செமஸ்டர் லீவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாக அனுப்புவது நல்லது. பயிற்சிக்குக் கட்டணம் இருந்தால் சொல்வார்கள். ரசீது வாங்கி வையுங்கள், பின்னால் அதுவே ஒரு சான்று.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம். ஒரே ஒரு வேலையை முழுசாகப் பழகுங்கள். மீன்குஞ்சுக்கு உயிரோடு கொடுக்கும் இரையான உயிர்த்தீவனத்தில் தொடங்குங்கள் என்பேன், உலகத்தில் எந்தக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போனாலும் அந்த அறை இருக்கும்.

ஆர்ட்டீமியா என்கிற சின்ன உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரிப்பதையே எடுத்துக்கொள்வோம். அடி கூம்பாக இறங்கும் தொட்டியில் கடல்நீர், 28 டிகிரியை ஒட்டிய வெப்பம், அடியிலிருந்து விடாமல் காற்று, மேலே விளக்கு. ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிரித்தெடுப்பதில்தான் ஆள் தெரியும். காற்றை நிறுத்தியதும் காலி ஓடு பழுப்பு நுரை போல மேலே ஏறும். குஞ்சு வெளிச்சத்தை நாடி வரும். அதனால் தொட்டியின் மேல்பாகத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அடியில் மட்டும் விளக்கைக் காட்டுவார்கள். ஐந்து பத்து நிமிஷத்தில் கூம்பு முனையில் ஆரஞ்சு நிறத்தில் திரளும். குழாயைத் திறந்தவுடன் முதலில் வருகிற கலங்கல் பொரியாத முட்டை, அதைத் தனியே விட்டுவிட வேண்டும். பிறகு வரும் ஆரஞ்சு நீரை மெல்லிய வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். ஓடு இறங்கத் தொடங்கும் முன் குழாயை மூடிவிட வேண்டும். ஓடு கலந்து போனால் அதைத் தின்ற மீன்குஞ்சுக்குக் குடல் அடைக்கும். பேசிக்கொண்டே நின்று காற்றை ரொம்ப நேரம் நிறுத்திவிட்டால் அடியில் திரண்டதெல்லாம் மூச்சுமுட்டிச் சாகும். இதைப் பத்துப் பதினைந்து முறை தன் கையால் செய்தவருக்கும் நோட்டில் எழுதிப் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம், வீடியோ காலில் இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், வெப்பம், உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், போட்ட தீவனம், செத்தது எத்தனை, அன்று கண்ணில் பட்டது என்ன. காற்று திரும்பியதா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது என்பதையும் எழுதுங்கள். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் எப்போது மாறும் என்பது அப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதினாலும் அது தரவுதான். இந்த நோட்டின் பத்துப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியே அழைப்புக் கடிதம் வாங்க முடியும்.

கூண்டுமீன் பக்கம் ஆர்வம் இருந்தால் முனைக்காட்டில் மீனவர்களோடு சேர்ந்து செய்த கூட்டுவளர்ப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மீட்டர் விட்டக் கூண்டில் கோபியா, அதைச் சுற்றி 12க்கு 12 அடி மூங்கில் தெப்பங்கள் பதினாறில் கப்பாபைகஸ் பாசி. மீனின் கழிவிலிருந்து கரையும் சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும், 45 நாளில் பாசி அறுவடை. மேலைநாடுகளிலும் இந்த முறையை ஆராய்கிறார்கள். அங்கே சால்மனும் கெல்ப் பாசியும், இங்கே கோபியாவும் கப்பாபைகஸும். நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்த ஒரு பத்தி இருந்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்த வேலைக்கு எந்த ஊர்

'வெளிநாடு' என்றதும் லண்டனும் நார்வேயும்தான் ஞாபகம் வருகின்றன. என் கணக்கு வேறு. முதல் பயிற்சிக்கு நம்மைப் போன்ற வெப்பக் கடல் உள்ள நாட்டுக்குப் போவது நல்லது. கற்றதை அப்படியே கொண்டுவந்து இங்கே செய்யலாம், செலவும் குறைவு.

பாசி என்றால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா. கப்பாபைகஸின் தாய்வீடு அந்தப் பக்கம்தான். நம் வடகடல் (பாக் விரிகுடா) தெப்பத்தில் கிளை வெளுத்து, இளகி, ஒடிந்து விழுகிறதே, அதே 'ஐஸ்-ஐஸ்' நோயோடு அவர்களும் பல காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். தெப்பத்துக்கு அடியில் பழைய வலையைக் கட்டி ஓரா மீன் கடிக்காமல் காப்பதை நம்மவர்களிடம் கற்றுக்கொண்டு போங்கள், பேசுவதற்கு விஷயம் கிடைக்கும். கப்பாபைகஸ் வெளியிலிருந்து வந்த இனம் என்பதையும், குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் அது படர்ந்ததாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதியதையும் தெரிந்து வையுங்கள். அங்கே யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பாசி படிக்கிறவர் இதற்குப் பதில் யோசித்திருக்க வேண்டும். வளமாவூரில் அமையும் பல்நோக்குப் பாசிப் பூங்காவுக்கு ஆள் தேவைப்படும் காலத்தில் இந்தப் பயிற்சிக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

நண்டு, கொடுவா, கடல்மீன் குஞ்சுப் பொரிப்பு என்றால் பிலிப்பைன்ஸின் இலோய்லோ பக்கம் திக்பாவானில் உள்ள சீஃப்டெக் (தென்கிழக்கு ஆசிய மீன்வள வளர்ச்சி மையம்) மீன்வளர்ப்புத் துறை. 1973 முதல் நடக்கும் பன்னாட்டு நிறுவனம், மாணவர் பயிற்சியாளர்களையும் எடுத்துக்கொள்கிறது. தாய்லாந்தில் பாங்காக்குக்கு வடக்கே இருக்கும் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மீன்வளர்ப்புக்குத் தனிப் படிப்பே உண்டு. இறால் என்றால் வியட்நாமின் கான் தோ, நா ட்ராங் பல்கலைக்கழகங்கள்.

ஐரோப்பா என்றால் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம். மேலே சொன்ன ஆர்ட்டீமியாவுக்கு உலகத்துக்கே ஆதார மையம் அங்கேதான், 1978 முதல். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தின் மீன்வளர்ப்பு நிறுவனம், நெதர்லாந்தில் வாகனிங்கன். நார்வேக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்பு இலவசம் என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 இலையுதிர் பருவம் முதல் கட்டணம் உண்டு.

நமக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிற வெளிநாட்டை யாரும் யோசிப்பதில்லை. இலங்கையில் மாத்தறையில் உள்ள ருகுணு பல்கலைக்கழகத்தில் மீன்வளத்துக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்வளத் துறை இருக்கிறது. வடகடலுக்கு அந்தப் பக்கம் கடல் அட்டைப் பண்ணை நடக்கிறது. இந்தப் பக்கம் கடல் அட்டையைத் தொட்டாலே 2001இலிருந்து வனத்துறை வழக்கு. ஒரே கடல், ஒரே உயிர், இரண்டு சட்டம். ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கஷ்டம். எல்லைப் பிரச்சினை புகைந்துகொண்டிருக்கும் காலத்தில் அனுமதி தாமதமாகும் என்பது உண்மைதான்.

கடிதம் எழுதுவது

துறையின் பொது முகவரிக்கு எழுதினால் அது கிணற்றில் போட்ட கல். ஒரு ஆளுக்கு எழுதுங்கள். அவர் கடைசியாக வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை முழுசாகப் புரியாவிட்டாலும் படித்துவிட்டு எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், ஆனால் உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

'நான் மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள மீனவ கிராமத்தைச் சேர்ந்தவள், மீன்வளம் நான்காம் ஆண்டு. சென்ற விடுமுறையில் ஆறு வாரம் கோபியா குஞ்சுப் பொரிப்பகத்தில் உயிர்த்தீவனப் பிரிவில் வேலை பார்த்தேன். ரோட்டிஃபர் எண்ணுவதும் ஆர்ட்டீமியா பிரித்தெடுப்பதும் தனியாகச் செய்வேன். என் பதிவேட்டின் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன். தீவனச் செறிவூட்டல் பற்றிய உங்கள் கட்டுரையில் சொன்ன அளவு எங்கள் வெப்பநிலைக்குப் பொருந்துமா என்று பார்க்க ஆசை. வரும் ஜனவரி முதல் மூன்று மாதம் உங்கள் ஆய்வகத்தில் பயிற்சி பெற இடம் இருக்குமா? எங்கள் கல்லூரி இதற்குக் கிரெடிட் வழங்கும். என் ஆசிரியரின் முகவரியும் கீழே இருக்கிறது.'

'மரியாதைக்கும் மாட்சிமைக்கும் உரிய ஐயா' என்று தொடங்கி, சிறு வயதிலிருந்தே கடல்மேல் காதல் என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள். அதைப் படிக்க அவருக்கு நேரமில்லை. பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினாலும் தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியப் பேராசிரியர்கள் பெரும்பாலும் விடுப்பில் இருப்பார்கள், அப்போது எழுதி மனம் உடைய வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம்.

அழைப்புக் கடிதத்துக்கு யாராவது காசு கேட்டால் நின்று யோசியுங்கள். சில ஆய்வகங்கள் வேதிப்பொருள், கருவிச் செலவுக்கு ஆய்வகக் கட்டணம் வாங்குவது உண்டு. அது பல்கலைக்கழகக் கணக்குக்கு, ரசீதோடு போகும். தனி ஆளின் கணக்குக்குப் போகிற பணம், ஜிமெயிலில் வருகிற 'சேர்க்கை உத்தரவு', 'மீன் பண்ணையில் சம்பளத்தோடு பயிற்சி, விசா எங்கள் பொறுப்பு' என்கிற வாட்ஸப் செய்தி எல்லாம் ஆள் பிடிக்கிற வேலை. பயிற்சி என்று கூட்டிப்போய் மீன் வெட்டும் ஆலையில் நிறுத்தினால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

காசு

இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் நிதியில் மாணவர் பரிமாற்றத் திட்டம் வாங்கியிருந்தால் பயணமும் மாதப்படியும் வந்துவிடும். இரண்டு மாதம் முதல் போகலாம். உங்கள் கல்லூரியின் பெயர் அந்தத் திட்டத்தில் இருந்தால்தான் இது ஆகும், தனியாக விண்ணப்பிக்க முடியாது.

முதுகலைக்கு எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகள் இருக்கின்றன. இதற்கு ஒப்பந்தம் வேண்டாம், நீங்களே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, இரண்டு வருஷம் வரை. ஸ்காட்லாந்து, கிரீஸின் கிரீட், பிரான்ஸின் நாந்த் ஆகிய இடங்களில் மாறிமாறிப் படிக்கும் மீன்வளர்ப்புப் படிப்பும், கெண்ட் ஒருங்கிணைக்கும் கடல் உயிர்வளப் படிப்பும் நம் துறைக்கு நேரானவை. அந்தந்த வருஷம் உதவித்தொகை அறிவிப்பு இருக்கிறதா என்று அவற்றின் இணையதளத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள். போட்டி கடுமைதான். ஆனால் மீனவக் குடும்பத்திலிருந்து வந்து, கூண்டில் வேலை பார்த்த பதிவேட்டோடு நிற்கிற விண்ணப்பம் அடுக்கில் தனியாகத் தெரியும்.

மீனவர் நல வாரியத்தில் அப்பாவோ அம்மாவோ உறுப்பினராக இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு. தொகை பெரிது இல்லை, பாஸ்போர்ட்டுக்கும் பரீட்சைக்கும் ஆகும். வங்கிக் கடனுக்கு வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதப் பயிற்சிக்காகக் கடன் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன், பட்டப்படிப்பு என்றால் யோசிக்கலாம்.

செலவு எந்த மாதத்தில் விழும் என்பதைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் அப்போது கையில் ஒன்றும் இருக்காது. விசாக் கட்டணம், டிக்கெட் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து விழாதபடி திட்டமிடுங்கள். ஜனவரியில் போகிறதுபோல் பார்த்தால் செலவு புரட்டாசி, ஐப்பசியில் விழும்.

காகித வேலை

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், காரணம் பெரும்பாலும் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'மு. செல்வி'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'செல்வி முனியசாமி'. ஆதாரில் 'செல்வி எம்'. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. விசா அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். முனியசாமி, முனியசுவாமி, முனுசாமி என்று ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களில் இனி பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டச் சான்றில் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று கல்லூரியில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாதாரண விண்ணப்பக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புச் சான்றைக் கட்டாயம் வையுங்கள், அது இருந்தால் குடியேற்றச் சோதனை தேவைப்படாத வகையில் பாஸ்போர்ட் வரும். இதை இரண்டாம் வருஷத்திலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். அழைப்பு வந்த பிறகு எடுக்கலாம் என்றிருந்தால் போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தே தேதி போய்விடும்.

ஆங்கிலத் தேர்வை அவசரப்பட்டு எழுதாதீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல், மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும். குறுகிய பயிற்சிக்குப் பல இடங்களில் 'ஆங்கிலவழியில் படித்தார்' என்ற கல்லூரிச் சான்றே போதும். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டப்படிப்புக்குச் சான்றிதழ்களை அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு சான்றளிப்பது) செய்யச் சொல்வார்கள். முதலில் மாநில அரசு சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை. மூலச் சான்றுகள் கையை விட்டுப் போகும் வேலை, ஆகவே நகல்களை முன்பே எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள்.

விசாவில் ஒரே விதி: எதற்குப் போகிறீர்களோ அதற்கான விசா. டூரிஸ்ட் விசாவில் போய் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும், பேராசிரியரே சொன்னாலும், கேட்காதீர்கள். அமெரிக்கா என்றால் ஜே-1 என்கிற பரிமாற்ற விசா. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து டி.எஸ்.-2019 படிவமும், பயிற்சித் திட்டத்துக்கு டி.எஸ்.-7002 படிவமும் வர வேண்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு உட்பட்டது ஒரு விதம், அதற்கு மேல் வேறு விதம். குறுகிய கால ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

வங்கிக் கணக்குதான் நம் வீடுகளில் சிக்கல். ஏலக்கடையில் முன்பணம் வாங்கி மீன் போட்டுக் கழிக்கிற குடும்பத்தில் வருமானம் பாஸ்புக்கில் தெரியாது. விசாவுக்கு முந்தின வாரம் சொந்தக்காரர்களிடம் புரட்டி மூன்று லட்சம் கட்டினால் அந்த வரிதான் முதலில் கண்ணை உறுத்தும். ஆறு மாதம் முன்பிருந்தே மீன் விற்ற காசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் போட்டு எடுங்கள். மாமாவோ சித்தப்பாவோ செலவை ஏற்றால் அவருடைய வருமான ஆவணமும் உறவுமுறைச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்து வையுங்கள்.

பையில் வைக்கக் கூடாதது

ஆய்வகத்தில் காட்டலாமே என்று உலர்ந்த பாசி ஒரு பொட்டலம், சாராயத்தில் போட்ட மீன்குஞ்சு ஒரு சீசா எடுத்துப்போக நினைக்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. 2002ஆம் வருஷ உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஆய்வுக்காக நம் உயிர்வளத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு விதி இருக்கிறது, சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையம்தான் அதைப் பார்க்கிறது. கடல்குதிரை, கடல் அட்டை, பவளம், சில சங்கு வகைகள் என்றால் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்து எடுத்த மாதிரிப்பொருள் எதையும் கட்டுரையில்கூட எழுத முடியாது. வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவர் இங்கே வந்து நம்மோடு வேலை பார்க்கும்போதும் இதே சட்டம்தான். 'நாலு பாசி பறித்துக் கொடு' என்று நட்பாகக் கேட்டால், வழிகாட்டும் ஆசிரியரைக் கைகாட்டுங்கள். தரவும் படமும் பதிவேடும் தாராளமாக எடுத்துப் போகலாம்.

வீட்டில் பேசுவது

பையன் போகிறான் என்றால் காசைப் பற்றிக் கேட்பார்கள். பெண் போகிறாள் என்றால் காசைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். சின்னப்பாலத்துப் பக்கம் கண்ணாடி மாட்டி, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள்தான். அதே வீட்டில் மகள் திக்பாவானுக்குப் போகிறாள் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆதாரத்தைக் காட்டுங்கள். தங்குமிடத்தின் முகவரி, பொறுப்பாசிரியரின் போன், முன்பு போய்வந்த அக்கா யாராவது இருந்தால் அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மாவிடம் பேசவையுங்கள். அழைப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பதைச் சொல்லுங்கள், அதில் பண்ணை வேலையில் ஏற்படும் காயமும் அடங்குகிறதா என்று நீங்களும் பாருங்கள்.

போன பிறகு

முதல் வாரம் பெரும்பாலும் கழுவுகிற வேலைதான் தருவார்கள். தொட்டி, குழாய், காற்றுக்கல், வலை. முகம் சுளிக்காதீர்கள், நோய் நுழைகிற வழியை அடைப்பதுதான் அங்கே முதல் பாடம். ஒரு அறை வலையை இன்னொரு அறைக்குக் கொண்டுபோகக் கூடாது, கால் நனைக்கும் மருந்துத் தொட்டியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. குளிர்க் கடலில் கூண்டு வேலை என்றால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகில் ஏறவிட மாட்டார்கள். 'எனக்கு நீச்சல் தெரியும், கடற்கரைப் பிள்ளை' என்று சொல்லாதீர்கள். எட்டு டிகிரி தண்ணீரில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே கை கால் மரத்துப்போகும், நீச்சல் உதவிக்கு வராது.

தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள். தலையாட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற நம் வழக்கம் அங்கே தொட்டி நிறையக் குஞ்சைக் கொன்றுவிடும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மூன்று காகிதம் வாங்கிவிடுங்கள்: வேலை பார்த்த மணிநேரம் குறிப்பிட்ட சான்று, பொறுப்பாளரின் மதிப்பீடு, எந்தத் தரவை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எழுத்துபூர்வ அனுமதி. முதல் இரண்டும் இல்லாமல் இங்கே கிரெடிட் ஏறாது. மூன்றாவது இல்லாமல் உங்கள் ஆய்வறிக்கையில் அந்தத் தரவை வைக்க முடியாது. ஊர் வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்கலாம் என்று வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். கிரெடிட் மாற்ற விண்ணப்பத்தை வந்த வாரத்திலேயே கல்லூரியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே உங்களை மேற்பார்த்தவருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில், அடுத்த வருஷம் வரத் தயாராக இருக்கும் ஜூனியர் ஒருவரின் பெயரையும் அவர் மண்டபத்தில் என்ன வேலை பழகியிருக்கிறார் என்பதையும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.